லாட ஆணி கிடந்த மைதானம்

கல்லூரி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆயிஷா டீச்சர் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. கடையநல்லூர்ப் பெண். மகளிர் கல்லூரியில் கால்பந்துப் பயிற்சியாளராகச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. "ஆச்சி, அந்தக் காலத்துல நீங்க எப்படி ஆரம்பிச்சீங்கன்னு எழுதுங்க. எங்க பிள்ளைகளுக்குத் தெம்பா இருக்கும்" என்றாள். தெம்பு தரும்படி என்னிடம் எதுவும் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் தவிர வேறு எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலரில் போடத் தோதில்லை என்றால் டீச்சர் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.

எனக்கு ஊர் இலஞ்சி. வீரகேரளம்புதூரில் கட்டிக் கொடுத்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயதாகும்போது வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். திரும்பி வந்து அண்ணன் வீட்டு அடுக்களையில் ஒரு வருஷம் கிடந்தேன். அப்போது தென்காசியில் பெண்களுக்கு ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி நடந்தது. விடுதியோடு சேர்ந்தது. பதினாறிலிருந்து இருபது வயது வரை நாற்பது பெண்கள் படித்தார்கள். அவர்களை வெளியே கூட்டிப்போய்க் கூட்டிவர அடக்கமான பொம்பிளை ஒருத்தி வேண்டும் என்று ஆள் விட்டார்கள். நான் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை. அதனால் இலஞ்சியில் என் பெயரைச் சொல்லி அனுப்பினார்கள்.

அங்கே டிரில் டீச்சராக இருந்தவர் எஸ்தர் டீச்சர். நாசரேத் பக்கம். நாற்பது வயது இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளாதவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். நன்றாகச் செய்தாலும் "ம்", தப்பாகச் செய்தாலும் "ம்". எந்த "ம்" எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

அவர்தான் பயிற்சிப் பள்ளிக்குள் கால்பந்தைக் கொண்டுவந்தார். ஆண்கள் பள்ளியில் கழித்துப் போட்ட தோல் பந்து ஒன்றை வாங்கி, பிளாடருக்கு ஒட்டுப் போட்டு, வாயைத் தோல்வாரால் இழுத்துக் கட்டி வைத்திருந்தார். கட்டிடத்துக்குப் பின்னால் மதில் சூழ்ந்த ஒரு வெட்டவெளி. பதினொரு பேர் நிற்க இடம் போதாது. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடினார்கள். பாவாடையை முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டிக்கொண்டு, தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு ஆடுவார்கள். அடுத்த தோப்பில் தேங்காய் வெட்டுகிற நாளில் ஆட்டம் கிடையாது. மரத்து உச்சியிலிருந்து பார்த்தால் மதிலுக்குள் எல்லாம் தெரியும்.

ஆட்ட விதிகளை ஒரு பெரிய லீவில் எனக்குச் சொல்லித் தந்தார். தரையில் கோடு கிழித்து, புளியங்கொட்டைகளைப் பெண்களாக வைத்து நகர்த்திக் காட்டுவார். நான் மறுநாள் அதே மாதிரி நகர்த்திக் காட்ட வேண்டும். தப்பினால் கொட்டையை எடுத்து மறுபடி முதல் இடத்தில் வைப்பார். அவ்வளவுதான் என் படிப்பு.

அந்த வெட்டவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளி அந்த இடத்தை வாங்குவதற்கு முன்பு அங்கே வண்டிமாடுகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கோட்டைக் கணவாய் ஏறிப் போகிற வண்டிகள் எல்லாம் அங்கே நின்று போகுமாம். மாடுகள் கட்டிக் கிடந்த மண். சாணி மக்கி மக்கி ஊறிய மண். உள்ளே எத்தனை பழைய லாட ஆணிகள் இருந்தன என்று கடவுளுக்குத்தான் தெரியும். வெயில் காலத்தில் வெளியே தெரியாது. சாரல் விழுந்து மண் இளகினால் ஒவ்வொன்றாக மேலே வரும்.

அதனால் ஆட்டத்துக்கு முந்தி எல்லாரும் வரிசையாக, தோளோடு தோள் இடிக்க நின்று, குனிந்தபடியே மெதுவாக அந்தக் கடைசி வரை நடக்க வேண்டும். கண்ணில் பட்ட ஆணியைப் பொறுக்கி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட வேண்டும். சாரல் நாளில் சிரட்டையில் பாதி நிறையும்.

ஆட்டம் முடிந்ததும் இன்னொரு வேலை உண்டு. அதுதான் பெரியது. கிணற்றடியில் எல்லாரும் கால் கழுவிவிட்டு வர வேண்டும். டீச்சர் ஒரு ஸ்டூலைப் போட்டு, மடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருத்தியும் காலைத் தூக்கி அந்த மடியில் வைக்க வேண்டும். குதிகாலில் தொடங்கி, வெளி ஓரம், உள்ளங்கால், விரல் இடுக்கு என்று பெருவிரலால் ஒரு அங்குலம் விடாமல் அழுத்திக்கொண்டே வருவார். வலிக்கிறதா என்று கேட்கமாட்டார். காலையும் பார்க்கமாட்டார்.

"விரலைக் காலில் வை, கண்ணை முகத்தில் வை" என்று என்னிடம் சொன்னார். "ஆட ஆசைப்படுகிற பிள்ளை வாயால் ஒன்றும் சொல்லாது. முகம் சுளிக்கும்."

ஆணி குத்தியிருந்தால் அந்த இடத்தைப் பிதுக்கிக் கழுவி, டிங்சர் போட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப்போவார். ஊசி போடுவார்கள். இரண்டு வாரம் ஆட்டம் கிடையாது. அழுதாலும் கிடையாது. ஏன் இவ்வளவு கெடுபிடி என்று ஒரு தடவை கேட்டேன். "ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன்" என்றார்.

என்னையும் ஒரு நாள் அந்த ஸ்டூலில் உட்காரச் சொன்னார். முதலில் வந்த பிள்ளை சண்முகவடிவு. என் வீட்டுக்காரரின் அக்காள் மகள். நான் அவளுக்கு அத்தை. அவள் அழைப்பதைக் கேட்டு விடுதியில் எல்லாப் பெண்களும் என்னை அத்தை என்றே கூப்பிட்டார்கள். வடிவு என் மடியில் விரித்த துண்டைப் பார்த்ததும் இரண்டு எட்டுப் பின்னால் போனாள்.

"ஐயையோ, அத்தை போய் என் காலைத் தொடுததா? எனக்குப் பாவம் பிடிக்கும்."

"டீச்சர் தொடலாமாக்கும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"டீச்சர் வேதக்காரங்க. அவங்களுக்கு அதெல்லாம் கிடையாது. அத்தைக்கு உண்டுல்லா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மூத்தவள் இளையவள் காலைத் தொட்டால் இளையவளுக்கு ஆகாது என்றுதான் நானும் வளர்ந்தேன். அதிலும் நான் வெள்ளைச் சேலை கட்டியவள். கல்யாணம் ஆகாத பெண் காலில் என் கை படலாமா என்று உள்ளுக்குள் ஒரு பயம். டீச்சர் என்னைப் பார்த்து, "அவர்கள் நீட்டாவிட்டால் நீ பிடித்து இழு" என்றார். நான் இழுக்கவில்லை. அவரே உட்கார்ந்து பார்த்து முடித்தார். "ம்" என்றார். அது எந்த "ம்" என்று அன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வடிவுக்குப் பதினேழு வயது. இடது காலால் அடிப்பாள். அந்தப் பந்து எங்கே போகும் என்று எதிரே நிற்கிறவளுக்குத் தெரியாது. அவளை விடுதியில் விட வந்தபோது அவள் அம்மா, என் மதினி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி கோமதி, ஒன்னை நம்பித்தான் விடுதேன். அங்கன வேற யாரு இருக்கா அவளுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனாள். படிப்பு முடிந்ததும் தை மாதம் கல்யாணம் என்று வீட்டில் பேசிவிட்டார்கள். வடிவுக்கு அது பிடிக்கவில்லை. அந்த வருஷம் மெட்ராஸில் டிரில் டீச்சர் படிப்புக்கு ஒரு பெண்ணை அரசாங்கம் தன் செலவில் அனுப்பும் என்று தகவல் வந்தது. யாரை அனுப்புவது என்று பார்க்க இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒருவர் வருவார், ஆட்டத்தைப் பார்ப்பார், பெயரை எழுதிக்கொண்டு போவார் என்றார்கள். அன்றிலிருந்து வடிவு தூக்கத்திலும் காலை உதைத்துக்கொண்டிருந்தாள் என்று பக்கத்துப் பாய்க்காரி சொல்லிச் சிரிப்பாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வருவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது எஸ்தர் டீச்சருக்குத் தாயார் சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்தது. ரயிலடியில் விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "பத்து நாள். ஆட்டத்தை நீ நடத்து. ஆணி பொறுக்காமல் இறக்காதே. கால் பார்க்காமல் அனுப்பாதே" என்றார். என் வேலை அந்த ரயிலடியில்தான் தொடங்கியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நல்ல சாரல். ஆணி பொறுக்கினோம். ஆட்டத்தின் பாதியில் வடிவு ஒரு நொடி குனிந்து உட்கார்ந்தாள். உடனே எழுந்து ஓடினாள். நான் அதைப் பார்த்தேன்.

முடிந்ததும் ஸ்டூலைப் போட்டு, துண்டை விரித்து உட்கார்ந்தேன். முதல் பெண் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நாங்களே பாத்துட்டோம் அத்தை. யாருக்கும் ஒண்ணுமில்ல." அடுத்தவளும் அதையே சொன்னாள். வடிவு மட்டும் கிணற்றடியில் வெகுநேரம் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வடிவு, காலைக் காட்டு."

பாவாடை விளிம்பைப் பாதத்தின் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். "ஒண்ணுமில்ல அத்தை. கல்லு இடறிச்சி."

"ஒரு தடவ காட்டேன், தாயி."

"எங்க மாமா இருந்தா ஒங்களை என் காலைத் தொட விடுவாவளா? சொல்லுங்க."

செத்துப்போனவரை அவள் இழுத்ததும் எனக்குக் கை ஓடவில்லை. துண்டை மடித்தேன். ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை வழக்கம்போலக் குற்றாலத்துக்கு நடந்து போனோம். மூன்று மைல். கூட்டம் வருவதற்குள் குளித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். மற்ற பெண்கள் தலையைக் கொடுத்து அருவியில் நின்றார்கள். வடிவு ஓரமாகப் பாறையில் உட்கார்ந்து, இடது காலை மட்டும் தண்ணீர் விழுகிற இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அருவித் தண்ணி பட்டா எல்லாம் சரியாப் போவும், அத்தை. மேல உள்ள மூலிகையெல்லாம் தொட்டுட்டுல்லா வருது."

என்ன சரியாகப் போகும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்போது தெரியாது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தெரியும் என்பதுதான் உண்மை. ஆனால் குற்றாலத் தண்ணீரை நானும் நம்பினேன். சொறி, சிரங்கு, சித்தப் பிரமை வரைக்கும் அதில் நிற்க வைத்துக் குணப்படுத்துகிற ஊர்க்காரிதானே நான். அரை மணி நேரம் அருவியில் நின்ற காலில் இனி என்ன இருக்கும் என்று நினைத்தேன். இப்போது போய் ஆஸ்பத்திரி என்றால் இரண்டு வாரம் ஆட்டம் போய்விடும், மெட்ராஸும் போய்விடும், அந்தப் பிள்ளை என் முகத்தில் விழிக்காது என்றும் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். வடிவு இரண்டு பந்தைக் கோல் கம்புகளுக்கு நடுவே அடித்தாள். அந்த அம்மாள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலம் விடுதியில் ஒரே கும்மாளம். "மெட்ராஸ் போனதும் எங்களையெல்லாம் தெரியுமாட்டி ஒனக்கு?" என்று அவளைக் கேலி செய்தார்கள். அவள் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்து, மெல்ல முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "பல்லு வலிக்கி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எஸ்தர் டீச்சர் வந்துவிட்டார். தாயாரை அடக்கம் செய்துவிட்டு வந்த முகம். வடிவு வாயைப் பாதிதான் திறக்கிறாள் என்பதைப் பார்த்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தினமும் கால் பார்த்தாயா?"

"பார்த்தேன், டீச்சர்."

"வடிவு காலை?"

"பார்த்தேன். ஒண்ணுமில்ல."

என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக அது வந்தது. என் பேச்சை அவர் அப்படியே நம்பினார். நான் அதிகம் பேசாதவள், பேசினால் பொய் இருக்காது என்று நினைத்திருப்பார். கிராம்பை நசுக்கி வைத்துக் கட்டினார். ராத்திரிக்குள் கழுத்தும் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எங்கயாவது காயம் பட்டுச்சா?" என்பதுதான். "இல்லை. எங்கள் பள்ளியில் தினமும் பார்க்கிறோம்" என்று டீச்சர் நிமிர்ந்து நின்று சொன்னார். நான் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். தொண்டைப் புண்ணாக இருக்கலாம், வயதுப் பெண்களுக்கு வருகிற இழுப்பாகவும் இருக்கலாம் என்று சொல்லி ஒரு மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார். திங்கட்கிழமையும் அப்படிப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் யாரோ வாளியைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு வடிவின் உடம்பு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் நின்றன. டாக்டர் ஓடி வந்தார். எதுவும் கேட்காமல் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் திருப்பினார். இடது உள்ளங்காலில், மூன்றாவது விரலுக்குக் கீழே, கடுகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. "ரண ஜன்னி, டெட்டனஸ்" என்றார். நோய் வந்த பிறகு போடுகிற அளவுக்கு மருந்து இங்கே இல்லை, பாளையங்கோட்டையிலிருந்து வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார்.

தாழ்வாரத்தில் டீச்சரிடம் போய் நின்றேன். "நான் பாக்கல, டீச்சர்."

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காயம் இருக்கும் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டபோதும் தெரியுமா?"

"தெரியும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த நோயில் புத்தி கெடுவதில்லை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். நடந்தால் சத்தம் கேட்கக் கூடாது, தொடக் கூடாது. கடைத்தெருவில் மோட்டார் ஹார்ன் அடித்தாலும் அந்த உடம்பு முறுக்கும். எல்லாம் அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. ஒரு தடவை இறுகிய பல்லுக்குள்ளிருந்து என்னமோ சொன்னாள். குனிந்து கேட்டேன்.

"டீச்சர்ட்ட சொல்லிறாதீங்க அத்தை. மெட்ராஸ் போவணும்."

மருந்து புதன்கிழமை மத்தியானம் வந்தது. போட்டார்கள். வியாழக்கிழமை காலையில் போய்விட்டாள்.

மதினி அதற்கு முந்தின நாளே வந்துவிட்டாள். மகள் முகத்தைத் துடைக்கக்கூட விடவில்லை, தொட்டால் இழுக்கும் என்று. வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தாள். "ஒனக்குத் தெரியாம எப்படிட்டி ஆணி குத்தும்? கூடத்தானே இருந்தே?" நான் தலையைக் குனிந்தேன். தெரியாது என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு ஒவ்வொரு துஷ்டி வீட்டிலும், கல்யாண வீட்டிலும் என்னைக் கண்டால், "ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல கோமதி, அவ விதி" என்பாள். போன ஐப்பசியில் மதினி காலமானாள். கடைசி வரை நான் அவளிடம் சொல்லவில்லை. ஆயிஷா டீச்சர் கேட்டதும் தலையை ஆட்டியதற்கு அதுவும் காரணமாக இருக்கும்.

பள்ளி நிர்வாகத்தார் விசாரித்தார்கள். "பொறுப்பு என்னுடையது. ஆட்டத்தை நடத்தத் தெரியாதவள் கையில் விட்டுப் போனேன்" என்று எஸ்தர் டீச்சர் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. நான் காப்பாற்றப்பட்டேனா, அவமானப்பட்டேனா என்று இன்றுவரை புரியவில்லை. அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

போவதற்கு முந்தின சாயங்காலம் அவரே ஆட்டத்தை நடத்தினார். முடிந்ததும் ஸ்டூலைப் போட்டு என்னைப் பார்த்தார். உட்கார்ந்தேன். முதல் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் எட்டி அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தேன். கீழே விழப் பார்த்தாள். அழுதாள். விடவில்லை. பதினான்கு பெண்களுக்கும் இருபத்தெட்டுப் பாதங்கள். வடிவின் இடத்தில் வேறொருத்தி வந்திருந்தாள். ஒவ்வொருத்தியும் காலை எடுத்ததும் குனிந்து என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். டீச்சர் பின்னாலேயே நின்றார். "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் விசில் சுவர் ஆணியில் தொங்கியது. அவர் போய்விட்டிருந்தார். வேறு ஆள் வராததால் நானே அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

பிறகு முப்பத்தோரு வருஷம், அந்தப் பள்ளியிலும் வேறு பள்ளிகளிலும் அதே வேலை. 'கால்பிடி அத்தை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். எத்தனை கோப்பை, எத்தனை வெற்றி என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

போன மாதம் ஆயிஷா டீச்சர் தன் அணியை இங்கே என் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மறுநாள் அவர்களுக்குப் போட்டி. ஒரு பிள்ளையைப் பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். "எல்லாருக்கும் ஊசி போட்டிருக்கு ஆச்சி, பூட்ஸும் நல்ல பூட்ஸ்தான்" என்றாள் ஆயிஷா. அந்தப் பிள்ளை, "ஐயோ ஆச்சி, நீங்க தொடக்கூடாது" என்று காலை இழுத்துக்கொண்டது. நான் பிடித்து மடியில் வைத்தேன். குதிகாலில் தொடங்கிப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். முன்பாதத்துக்கு வந்தபோது முகம் சுளித்தது. கொப்புளம் உடைந்து, சுற்றிலும் சிவந்து, உள்ளே சீழ் கோத்திருந்தது. மூன்று நாளாக மறைத்திருக்கிறது.

"இவ நாளைக்கு ஆடக்கூடாது" என்றேன்.

"ஆச்சி, இவதான் எங்களுக்கு முன்னாடி நிக்கிறவ. நாளைக்கு ஒரு நாள் மட்டும்..."

சொன்னதையே திரும்பச் சொன்னேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஆயிஷா குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

அந்தப் பிள்ளை காலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. அத்தனை வெறுப்பு. அந்தப் பார்வையை நான் அந்த வெள்ளிக்கிழமையே வடிவிடமிருந்து வாங்கியிருக்க வேண்டும்.